கவுன்சிலருக்கு ஜாமீன் நின்றவளுக்கு

அடியே,

இன்று காலையில் பத்திரிகை வந்தது. முதல் பக்கம் முழுவதும் ஒரு பெரிய மனிதருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. சுற்றிலும் பூக்கரை, நடுவில் கைகூப்பிய படம், கீழே வாழ்த்துவோர் பெயர்கள் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால், உள்ளே ஓர் அடிமூலையில், தலைவலி மாத்திரை விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது ஒரு சின்னச் செய்தி. அதே பெரிய மனிதருக்கு ஒரு கடன் மிகச் சலுகையாகக் கிடைத்தது குறித்துச் 'சில தரப்பினர்' கேள்வி எழுப்பியிருக்கிறார்களாம். யார் அந்தத் தரப்பினர், என்ன சலுகை, ஒன்றும் இல்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காப்பி கொண்டு வந்த என் தம்பி மகனின் மனைவி, "என்ன அத்தை, சிரிப்புத் துணுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

விரல்களை மோந்து பார்த்தேன். இந்தக் காலத்து மை விரலில் ஒட்டுவதே இல்லை. உன் பத்திரிகையைப் படித்தவர்களை ஊரில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். கன்னத்திலும் சட்டைப் பையிலும் கறுப்பு அப்பியிருக்கும். சலவைக்காரர் வந்து உன்னிடம் சண்டை போட்டார். நீ அவருக்கு ஓராண்டுச் சந்தாவை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தாய். அதற்கப்புறம் அவர் சட்டையிலும் மை ஏறியது.

உன் அப்பா விட்டுப்போனது காஜா பேராங் சாலையில் ஓர் அச்சாபீஸ், காலால் மிதிக்கிற ஒரு மிஷின், பெட்டி பெட்டியாக ஈய எழுத்துகள், வாரம் ஒருமுறை வருகிற நாலு பக்கத் தாள். அவர் கண்ணை மூடியதும் சிரம்பானிலிருந்து உன் அண்ணன் வந்தார். "பொம்பளப் புள்ள பேப்பரை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? மிஷினை வித்துட்டு என்கூட வந்துடு" என்றார். நீ எதிர்த்துப் பேசவில்லை. "சரிண்ணே, இந்த வாரத் தாளை மட்டும் முடிச்சிட்டு வந்துடுறேன்" என்றாய். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னாய். அவர் கேட்பதை நிறுத்தும்வரை சொன்னாய். சண்டை போடாமல் காரியம் சாதிக்கிற அந்த வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் திறக்கும், புத்தி சாவகாசமாகத்தான் எழுந்து வரும்.

பகலில் தமிழ்ப்பள்ளியில் நான் டீச்சர். பள்ளி விட்டதும் உன் அச்சாபீஸில் நிருபர், மெய்ப்புப் பார்ப்பவள், சமயத்தில் மிஷின் மிதிப்பவள். சம்பளம் என்று நீ கொடுத்தது சாயங்காலப் பசியாறல்தான். பலகாரத்தை எண்ணெயோடு பழைய தாளில் சுற்றித் தருவாய், போன வாரம் நான் எழுதியதே அதில் இருக்கும். "பாரு, உன் எழுத்துக்கு எவ்வளவு ருசி" என்பாய்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது அது. ஊரே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நகராண்மைக் கழகத்தில் நம்மவர்களுக்கும் நாற்காலி கிடைத்திருந்தது. ஒருவர் கவுன்சிலரானதற்கு வாழ்த்து, அவர் மாலை வாங்கியதற்கு வாழ்த்து, மாலை போட்டவருக்கு நன்றி, நன்றி சொன்னவருக்கு மறுவாழ்த்து. இதில்தான் உன் பத்திரிகை பிழைத்தது. செய்தி என்பது வாழ்த்துகளுக்கு இடையில் மிஞ்சிய இடத்தை அடைக்கும் சாமான். காஜா பேராங் கவுன்சிலர் படத்துக்காக சிங்கப்பூரிலிருந்து உலோகத்தில் அச்சுப் பிளாக் செய்து வாங்கி வைத்திருந்தாய். வாரா வாரம் அது தேவைப்பட்டது. அவர் கெட்டவர் இல்லை. முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், பேச்சுக்காரர், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். மாலை என்றால் மட்டும் கழுத்து தானாக நீளும்.

அந்த வருடம் என் கவலை வேறாக இருந்தது. நானும் அம்மாவும் குடியிருந்த மரவீட்டின் சொந்தக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊறிப்போன கம்பத்துச் செட்டி, சிங்கப்பூரில் இருந்த மகனோடு போய் இருக்க முடிவு செய்துவிட்டார். அவர் பேசுவது முழுக்க மலாய்தான். சாமி கும்பிடும்போது மட்டும் நம் சொற்கள் இரண்டொன்று வரும். வீட்டை வாங்கிக் கடை வைக்க வேறோர் ஆள் காத்திருந்தும், "தா ஆப்பா, டீச்சர்" என்று எனக்குத் தீபாவளி வரை தவணை கொடுத்தார். பரவாயில்லை என்று அவர் சொன்னாரே தவிர, எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அம்மாவுக்குக் கண் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அந்த வீட்டுச் சுவரைத் தடவித் தடவித்தான் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போய்வந்தார். வேறு வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டேன். ஆஸ்பத்திரி ஆயாக்கள், நகராண்மைக் கழகத் தொழிலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்த சங்கம். இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் போட்டார், நீ போட்டாய். செயலாளர் என் மனுவை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "பொண்ணுக்குப் பொண்ணு ஜாமீன் நிக்கிற வழக்கம் நம்ம சங்கத்துல இல்லையே டீச்சர்" என்றார். விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "விதியில இல்ல, வழக்கத்துல இல்ல" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் அங்கே என்ன பேசினேன் என்பதை ஊர் பல நாள் சொல்லிச் சிரித்தது, உனக்கே தெரியும்.

இது நடந்து கொஞ்ச நாளில் கவுன்சிலர் புதுக் கார் வாங்கினார். உஜோங் பாசிர் வரைக்கும் ஓட்டிப் போய், அலை பார்த்துவிட்டு, வழியெல்லாம் கையசைத்துக்கொண்டே திரும்பினார். மறுநாள் அதே செயலாளர் கையில் ஒரு தாளோடு அச்சாபீசுக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை. வாழ்த்து விளம்பரம், அரைப் பக்கம், பூக்கரையோடு. நீ வாங்கி வாய்விட்டுப் படித்தாய்.

"நமது சங்கத்தை நாடி வந்து, நம்மிடமே கடன் பெற்று, புதிய மோட்டார் கார் வாங்கி நம்மைப் பெருமைப்படுத்திய மாண்புமிகு கவுன்சிலர் அவர்களுக்கு வாழ்த்துகள்! அன்னார் கேட்ட அன்றே, ஜாமீன் ஏதும் கோராமல், மற்ற உறுப்பினர்கள் செலுத்தும் வட்டியில் பாதிக்கே கடன் வழங்கும் பெரும்பேறு பெற்றோம்."

நான் மெய்ப்புத் தாளை முகத்துக்கு மறைத்துக்கொண்டேன். உன் குரலில் ஒரு நெளிவு இல்லை.

"பேங்குல போயி நின்னிருக்கலாம் அவரு. நம்மளத் தேடி வந்தாரு பாருங்க, அதான் பெருந்தன்மை. நாலு பேரு தெரிஞ்சிக்க வேணாமா?" என்றார் செயலாளர்.

"கண்டிப்பா தெரிஞ்சிக்கணும்ண்ணே. ஒரு எழுத்தும் மாத்தாம போடவா?"

"மாத்தவே கூடாதும்மா. கமிட்டியில எல்லாரும் ஒக்காந்து எழுதினது."

"சரிண்ணே. மாத்த மாட்டேன்."

அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து, நீ எழுத்துப் பெட்டிமேல் கவிழ்ந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் போயிற்று. இந்த விளம்பரத்தைப் போடாதே, நான் தலையங்கம் எழுதுகிறேன், அவர் காரின் நாலு சக்கரத்தையும் கழற்றுகிறேன் என்று உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினேன். நீ படித்துப் பார்த்து மடித்து என் கையிலேயே கொடுத்தாய்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா உனக்குக் கடன் கெடைக்கலன்னு ஊருக்கே தெரியும். இது செய்தி இல்லடி, வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாங்க. அவங்களே இவ்வளவு அழகா எழுதிக் குடுத்திருக்காங்க, நாம எதுக்கு மெனக்கெடணும்?"

அந்த வார விளம்பரத்தை உள்பக்கத்திலிருந்து எடுத்து முதல் பக்கத்தில் போட்டாய். ஓர் எழுத்து மாற்றவில்லை. அடியில் மட்டும் ஒரு சின்ன வரி சேர்த்தாய்: 'இச்சலுகை பற்றிய விவரங்களை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் நேரில் கேட்டறியலாம்.' அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தையும் போட்டாய். துக்காங் எமாஸ் தெருவில் மாடிமேல் இருந்த அந்த இன்னொரு வாரத்தாள் நினைவிருக்கிறதா? அவர்களுக்கும் இதே விளம்பரம் போயிருந்தது. அதன் உரிமையாளர் கடனைப் பற்றி மூச்சு விடாமல், காரை மட்டும் தேர் என்று வர்ணித்துத் தானே ஒரு பாட்டு எழுதிச் சேர்த்திருந்தார். ஒரே விளம்பரம், இரண்டு பத்திரிகை. ஒன்று நடந்ததைச் சொல்லிற்று, இன்னொன்று ஜோடித்தது. நீ பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்ததே இல்லை. அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் சங்கத்து வாசலில் திருவிழாக் கூட்டம். எல்லார் கையிலும் உன் பத்திரிகை. நீ போட்ட வரியைப் பார்த்துவிட்டு, சங்கம் எல்லாருக்கும் புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது என்றே நிறையப் பேர் நம்பிவிட்டார்கள். முன்னால் நின்றது ஆஸ்பத்திரி ஆயா அஞ்சலை.

"தம்பி, எனக்கும் இதே மாதிரி ஒன்னு குடுங்க. ஜாமீன் வேணாமாம்ல?"

"அது கவுன்சிலருக்கு மட்டும்மா" என்றார் செயலாளர்.

"அப்படிப் போடலையே. 'நமது சங்கம்'னுதானே போட்டிருக்கு? மாசா மாசம் என் சம்பளத்துல பிடிக்கிறீங்க. அப்ப நான் நம்ம இல்லையா?"

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. பாவம், இல்லை என்றால் ஒருவருக்கு மட்டும் செய்தது தப்பாகிறது, உண்டு என்றால் சங்கம் மூழ்குகிறது. கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கமாகப் போனவர் கவுன்சிலர் வீட்டில் போய்த்தான் நின்றார்.

மத்தியானம் கார் உன் வாசலில் வந்து நின்றது. கவுன்சிலர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைத்தார். நீ பால் சேர்க்காத தேநீர், தே ஓ, வரவழைத்துக் கொடுத்தாய். நான் எழுத்துக் கோப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? உங்கப்பா எனக்கு அண்ணன் மாதிரி."

"நான் என்னண்ணே பண்ணேன்? வாழ்த்துதானே போட்டேன்?"

"வாழ்த்துதான்... எல்லாத்தையும் சொல்லியில்ல வாழ்த்திட்டாங்க."

"வேணும்னா மறுப்பு போடலாம்ண்ணே. என்னன்னு போடட்டும்? கடன் வாங்கலைன்னா? வட்டி பாதி இல்லைன்னா? ஜாமீன் இருந்துச்சுன்னா? சொல்லுங்க, அதையும் எழுத்து மாறாம போட்டுடுறேன்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பொதுக்கூட்டம் போடச் சொல்றேன்" என்று கிளம்பினார். தே ஓவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார், அதைச் சொல்ல வேண்டும்.

பொதுக்கூட்டம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் எழுந்தார். கையெழுத்துப் போடும் அவசரத்தில் வட்டியைக் கவனிக்கவில்லை என்றார். யாரும் நம்பவில்லை, யாரும் சத்தமும் போடவில்லை. இனி எல்லாரையும் போல முழு வட்டி கட்டுகிறேன், விதிப்படி இரண்டு ஜாமீன் கொடுக்கிறேன் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். செயலாளர், "ஒரு ஜாமீன் நானே நிக்கிறேன். இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டார்.

கைதட்டல் நின்றது. அடியே, அந்த மௌனத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அவருக்கு மாலை போட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் கரும்பலகையில் நான் எழுதிவிட்டுப் போயிருந்த வாய்ப்பாட்டைக் கவனமாகப் படித்தார். வாழ்த்துப் பட்டியலில் எப்போதும் முதல் பெயராக வருகிறவர் திடீரென்று இருமிக்கொண்டு வெளியே போனார். கவுன்சிலர் முகத்தில் சிரிப்பு ஒட்டவைத்தபடியே இருந்தது. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் நீ எழுந்தாய்.

"நான் போடுறேன்ண்ணே."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. செயலாளர் உயிர் பிழைத்த ஆளைப்போல, "ரொம்ப நல்லதும்மா! உறுப்பினர்தானே, தாராளமா போடலாம்" என்று பேனாவை நீட்டினார். நீ முன்னால் போய், நிதானமாக, உன் முழுப்பெயரையும் எழுதினாய். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"கவுன்சிலருக்கு என் கையெழுத்து செல்லும்னா, டீச்சருக்கும் செல்லும்தானேண்ணே? அவங்க மனு உங்க பையிலதான் இருக்கு. இப்பவே எடுத்தீங்கன்னா இன்னொரு தரம் போட்டுடுவேன்."

செயலாளர் கமிட்டியைப் பார்த்தார், கமிட்டி கவுன்சிலரைப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து அஞ்சலை, "ஆம்பளைக்குச் செல்லுற கையெழுத்து பொம்பளைக்குச் செல்லாதாக்கும்? எடுங்க தம்பி!" என்றாள். ஆயாக்கள் அத்தனை பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். கவுன்சிலரே, "எடுய்யா, எடு" என்றார். என் மனு அங்கேயே நிறைவேறியது. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதேன், எல்லார் முன்னிலையிலும், மூக்கைச் சிந்திக்கொண்டு.

அழுகை நின்றதும் எனக்குக் கோபம் வந்தது. திரும்பி நடக்கையில் சாலை முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "எனக்காக உன் பேப்பரை அடகு வெச்சிட்டியேடி! அவர் கடனுக்கு நீ ஜாமீன். இனிமே அவர் வார்டுல சாக்கடை அடைச்சிருக்குன்னு எழுதினா யார் நம்புவா? எழுதலைன்னா நீயும் அந்தத் துக்காங் எமாஸ்காரரும் ஒன்னுதான்."

"எழுதுவேன். சொல்லிட்டு எழுதுவேன்."

"என்னத்தைச் சொல்லிட்டு?"

"நான் யாருன்னு சொல்லிட்டு."

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது நீ அந்த வரியைக் கோத்து முடித்திருந்தாய். 'இவரது கடனுக்கு இப்பத்திரிகையின் உரிமையாளர் ஜாமீன். வாசகர்கள் அதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.' அதைக் கவுன்சிலர் படத்தின் பிளாக்குக்குக் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துச் சணல் நூலால் இறுக்கிக் கட்டினாய். இனி அந்தப் படம் எந்தப் பக்கத்தில் ஏறினாலும் அந்த வரியும் கூடவே ஏறும். யாரும் மறந்து விட்டுவிட முடியாது, நீயே நினைத்தாலும்கூட.

அதன்பிறகு நடந்தது நீயே எதிர்பாராததுதான், ஒத்துக்கொள். கோயில் திருவிழாவில் கவுன்சிலர் வடம் பிடித்தார்: படம், வரி. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கோப்பை கொடுத்தார்: படம், வரி. மைத்துனர் கல்யாணத்துக்கு உறவினர்கள் போட்ட வாழ்த்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் அவர் படம், அதன் அடியில் அந்த வரி. கல்யாண வீட்டார் வந்து அதை எடுக்கச் சொன்னார்கள். "கட்டியிருக்குங்க, பிரிச்சா படம் ஆடும்" என்றாய் கூசாமல். கடைசியில் கவுன்சிலரே ஆள் அனுப்பினார், இனிமேல் தயவுசெய்து படம் போட வேண்டாம் என்று. படம் வேண்டாம் என்று கெஞ்சிய அரசியல்வாதியை இந்த நாடு அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது.

துக்காங் எமாஸ் கதைதான் உச்சம். அவர்களிடம் கவுன்சிலர் பிளாக் தேய்ந்துபோய், அவசரத்துக்கு உன்னிடம் இரவல் கேட்டு ஆள் அனுப்பினார்கள். "கட்டைப் பிரிச்சு எடுத்துக்கச் சொல்லு" என்று சொல்லித்தான் கொடுத்தாய், நான் சாட்சி. அவர்கள் பிரிக்கவில்லை. கட்டோடு அப்படியே ஏற்றி அச்சடித்துவிட்டார்கள். அந்த வாரம் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர், பாட்டெழுதியவர், தன் பத்திரிகையிலேயே கவுன்சிலருக்கு ஜாமீன் ஆகிவிட்டார். அவருடைய உறவினர்களும் சந்தாதாரர்களும் மாடிப்படியில் வரிசை கட்டி, அவருக்கு நின்ற மாதிரி எங்களுக்கும் நில்லுங்கள் என்று மொய்த்தார்கள். மனிதர் மூச்சிரைக்க உன்னிடம் வந்து முறையிட்டார். நீ அவருக்கும் தே ஓ வரவழைத்தாய். "மறுப்பு போடுங்கண்ணே, நான் ஜாமீன் இல்லன்னு" என்றாய். போட்டார். கவுன்சிலர் கடனைப் பற்றி அந்தப் பத்திரிகையில் வந்த முதல் செய்தி அதுதான்.

அதற்குமேல் கவுன்சிலர் தாங்கவில்லை. காரை விற்றாரோ, மனைவி நகையைக் கேட்டாரோ, கடன் முழுவதையும் தவணைக்கு முன்னாலேயே கட்டிவிட்டு, சங்கத்து ரசீதோடும் ஒரு தட்டு லட்டோடும் வந்தார். நீ ரசீதைப் பார்த்தாய், கத்தரியை எடுத்துச் சணலை வெட்டினாய், அவர் கண்ணெதிரில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டாய். அந்த வாரம் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, கடனைத் தீர்த்தவருக்கு உன் சொந்தச் செலவில் வாழ்த்துச் சொன்னாய். அதே பக்கத்தில் அவர் வார்டுச் சாக்கடை அடைத்துக் கிடப்பதையும் போட்டாய். அவர் இரண்டையும் வெட்டி வீட்டில் ஒட்டி வைத்திருந்ததாக அஞ்சலை சொன்னாள். சாக்கடையும் சரியாயிற்று.

தீபாவளிக்கு முன்பே வீடு என் பெயருக்கு வந்தது. அம்மா கடைசிவரை அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு நடமாடினார். எழுந்து, நடந்து, தன் கையால் காப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் போனார். அதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் உன்னை நினைக்கிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த ஒரு பழக்கம்தான், மையைவிடக் கெட்டியாக. யாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னும், அவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். கோயில் கமிட்டித் தேர்தலில் எழுந்து, "இவர் என்கிட்ட படிச்ச பையன், அதனால என் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே கேளுங்க" என்றேன். அந்தப் பையன் என்னோடு பல நாள் பேசவில்லை. வைத்தியரிடம்கூட, "உங்க மனைவி எனக்குப் பலகாரம் தர்றாங்க, நான் உங்களைப் புகழ்ந்தா நம்பாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் நான் கிறுக்கு. இருக்கட்டும்.

நீ போனபோது உன் பத்திரிகை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. தலைநகர்த் தினசரி ஒன்று என்னிடம் அஞ்சலிக் குறிப்புக் கேட்டது. முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'இதை எழுதுகிறவர் குடியிருக்கும் வீட்டுக்கு ஜாமீன் நின்றவர் இந்த அம்மையார், வாசகர்கள் அதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.' அஞ்சலியில் இதெல்லாம் எதற்கு என்று அங்கிருந்த பொடியன் அடித்துவிட்டான். நான் போன் போட்டு அவனை எவ்வளவு திட்டினேன் என்று நீ கேட்டிருக்க வேண்டும். வரி வந்தது.

அது வந்த வாரமே சிரம்பானிலிருந்து உன் அண்ணன் மகன் ஓடி வந்தான். கையில் அந்தத் தாள். நல்ல பிள்ளை, உன் மூக்கு அவனுக்கு. வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"டீச்சர், அத்தை போட்ட ஜாமீன் இன்னும் இருக்குங்களா?"

உன் காரியமெல்லாம் இனி அவன் தலையில்தானே, அதனால் பயந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுகைதான் வந்தது.

"இருக்குப்பா. நான் இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றேன்.

பாவம், முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. கடன் தீர்ந்த ரசீதை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்து காப்பியைக் குடித்தான்.